95 விழுக்காடு என்ற பிடிவாதம்

எங்கள் ஆலையில் மாதக் கூட்டம் தொடங்கியதும் திரையில் முதலில் வருவது ஓர் எண். எந்தப் பிரிவின் இயந்திரங்கள் எத்தனை விழுக்காடு நேரம் ஓடின என்ற எண். 95ஐத் தொட்ட பிரிவின் பொறுப்பாளர் நிமிர்ந்து உட்காருவார். 88க்கு இறங்கியவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகளைப் பொதிந்து, சோதித்து, பெட்டியில் அடைத்து அனுப்பும் வேலையில் இருக்கிற யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இயந்திரத்தின் விலை அப்படி. அது சும்மா நின்றால் போட்ட பணத்தை நினைத்து வயிறு எரியத்தான் செய்யும்.

வேலை பார்த்துக்கொண்டே தொழிலக, அமைப்புப் பொறியியலில் முதுகலை படிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சனிக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கணக்கு, திங்கட்கிழமை மறுபடி அதே திரை. படிப்பதும் பார்ப்பதும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன.

சண்டையைத் தொடங்கி வைத்தது, வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்று 1909இல் எழுதிய கட்டுரையில் வேர் விட்ட துறை இது. அதன் மிக எளிய சூத்திரத்தைப் பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம். ஒரே இயந்திரம், வேலை வருகிற நேரமும் முடிகிற நேரமும் தாறுமாறாக மாறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடும் விகிதத்தைச் சும்மா இருக்கும் விகிதத்தால் வகுத்தால், ஒரு வேலை செய்து முடிக்க ஆகும் நேரத்தைப் போலச் சராசரியாக எத்தனை மடங்கு காத்திருக்கும் என்று வந்துவிடும். 80 விழுக்காட்டில் 80ஐ 20ஆல் வகுக்க, 4. 90இல் 9. 95இல் 19. அதாவது ஒரு மணி நேர வேலைக்குப் பத்தொன்பது மணி நேரக் காத்திருப்பு. 90க்கும் 95க்கும் நடுவே வெறும் ஐந்துதான் என்று கூட்டத்தில் பேசிக்கொள்கிறோம். காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல் எகிறிவிடுகிறது.

இதை நம்பாதவர்கள் காலை ஏழு மணிக்குப் பட்டர்வொர்த் பக்கமிருந்து, பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் ஏறிப் பார்க்கலாம். 13.5 கிலோமீட்டர் நீளம், 1985இல் திறந்தது, முழுக்க முழுக்க 'பயன்பாட்டில்' இருக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தால் போதும், தீவுக்குள் பாதிப் பேர் வேலைக்குத் தாமதம். பாலத்தின் பொறுப்பாளருக்கு யாராவது மாதக் கூட்டத்தில் கைதட்டுகிறார்களா?

ஆலைக்குள் நடப்பது இதுதான். சில்லை அச்சட்டத்தில் ஒட்டுகிறோம், மயிரிழையைவிட மெல்லிய கம்பியால் இணைக்கிறோம், பிசினில் வார்க்கிறோம், பிறகு சோதிக்கிறோம். சோதனைப் பிரிவுதான் குறுகிய வாய். அங்கே ஒரு மணி நேரம் இழந்தால் முழு ஆலைக்கும் ஒரு மணி நேரம் போயிற்று. ஆகவே அதை விடாமல் ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பி இணைக்கும் பிரிவையும் 95இல் ஓட்டியே தீர வேண்டும் என்றால், அவர்கள் எதையாவது எடுத்து ஓட்டத்தானே செய்வார்கள்? ஓடியதெல்லாம் சோதனைப் பிரிவின் வாசலில் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு நிற்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக்காட்டிய விதி இந்த இடத்தில் ஈவிரக்கமில்லாதது. லாட் என்பது ஒன்றாகவே நகரும் ஒரு தொகுதிச் சில்லுகள். தளத்தில் 300 லாட் கிடக்கிறது, நாளொன்றுக்கு 60 வெளியே போகிறது என்றால், ஒரு லாட் உள்ளே வந்து வெளியேற ஐந்து நாள். தளத்தில் குவிப்பதைக் கூட்டினால் நாளும் கூடும். கெஞ்சினாலும் அதட்டினாலும் குறையாது.

நாள் கூடும்போது வாடிக்கையாளர் கத்துவார். அவர் கத்தினால் திட்டப் பிரிவு அந்த லாட்டில் சிவப்பு அட்டை சொருகும். ஹாட் லாட். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்து, அமைப்பை மாற்று, இதை முதலில் ஓட்டு. அதனால் பின்னுக்குத் தள்ளப்பட்ட லாட்டுகளின் வாடிக்கையாளர்கள் மறுவாரம் கத்துவார்கள், அவற்றுக்கும் சிவப்பு. நான் ஒரு முறை தளத்தைச் சுற்றிவந்தபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பாகவே இருந்தது. எல்லாம் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை என்று திட்டப் பிரிவுக்காரரிடம் சொன்னேன். "அப்படியானால் எதை எடுக்கலாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

ஆய்வேட்டுக்கு இந்தச் சோதனைப் பிரிவையே எடுத்துக்கொண்டேன். கணினியில் அதன் நகலை அமைத்து, லாட்டுகளை ஓடவிட்டு, விதிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது. சிமுலேஷன் என்று கேட்பதற்குப் பெரிய வித்தையாக இருக்கும். அதில் பெரும்பகுதி தரவோடு மல்லுக்கட்டுவதுதான். ஆலையின் பதிவேட்டை இறக்கிப் பார்த்தால், ஒரே இயந்திரத்தில் காலை 6.40க்கும் 6.55க்கும் நடுவே ஐந்து லாட் 'முடிந்திருக்கிறது'. ஒரு லாட்டுக்கே இரண்டு மணி நேரம் ஆகும் இயந்திரம் அது. மாலையிலும் அதே கூத்து.

இரவு ஷிப்டில் போய் நின்று பார்த்தேன். அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அக்கா, நிபோங் திபாலிலிருந்து ஆலைப் பேருந்தில் வருகிறவர். நான்கு இயந்திரங்கள் அவர் பொறுப்பு. லாட் முடிந்ததும் அதனோடு வந்த அட்டையை எடுத்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அட்டையை ஸ்கேன் செய்தால்தான் லாட் முடிந்த நேரம் பதிவேட்டில் ஏறும். ஸ்கேனர் எங்கே என்று கேட்டேன். தலையை ஆட்டிக் காட்டினார்: வரிசையின் மறுகோடியில், மேற்பார்வையாளர் மேசைக்குப் பக்கத்துத் தூணில். மொத்த வரிசைக்கும் அது ஒன்றுதான்.

"ஒவ்வொரு அட்டைக்கும் அங்கே நடந்தால், இங்கே சில்லு சிக்கிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும் தங்கச்சி. நின்றால் திட்டு எனக்கு. அட்டை எங்கே போய்விடப் போகிறது?"

எந்த எண்ணை வைத்துத் தன்னை அளக்கிறார்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இயந்திரம் நிற்கக் கூடாது, அட்டை காத்திருக்கலாம். ஷிப்ட் முடிகிற வேளையில் பையிலிருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்துவிடுகிறார். பதிவேடு பொய் சொல்வது சோம்பலால் அல்ல, 95 என்ற அதே எண்ணால். பதிவேட்டை அப்படியே எடுத்து என் கணினி மாதிரியில் ஊட்டியிருந்தால் வெளியே வருவதும் குப்பையாகத்தான் இருந்திருக்கும். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நேரங்களை நானே எழுதத் தொடங்கினேன்.

கடிகாரத்தோடு தொழிலாளி பக்கத்தில் போய் நிற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தத் துறையின் பிறவிக் கோளாறு அது. வேலையை அறிவியல் முறையில் அளந்து நிர்வகிக்க வேண்டும் என்ற ஃபிரெடரிக் டெய்லர், 1911இல் தன் கொள்கைகளைப் புத்தகமாக்கினார். நிறுத்துகடிகாரம் அவருடைய ஆயுதம். ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் அடுக்கும் வேலையில் ஒரு கல்லுக்குப் பதினெட்டாக இருந்த அசைவுகளை ஐந்தளவுக்குக் குறைத்துக் காட்டியவர். அவர் மனைவி லிலியன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வேலை செய்கிறவரின் களைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். மூவரில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். இதையெல்லாம் ஓர் இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்.

"வேலையை மேற்பார்க்கிற தண்டல் பின்னால் வந்து நிற்கிற அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மெதுவாகத்தான் வெட்டுவோம்" என்றார். "வேகத்தைக் காட்டினால் மறுநாள் நிரையில் இன்னும் நாலு மரத்தைச் சேர்த்துவிடுவார்கள். வேகமாக வெட்டினால் மரத்தில் காயம் பட்டுவிடும், அதற்கும் திட்டு. உன்னுடைய புத்தகத்தில் இது இருக்கிறதா?"

இருக்கிறது, இத்தனை சுருக்கமாக இல்லை. அதற்குப் பிறகு நான் தளத்தில் நேரம் எழுதும்போது குறிப்பேட்டை அந்த அக்காவிடமே காட்டிவிடுவேன். பெயர் எழுதுவதில்லை, இயந்திர எண் மட்டும்.

கணினி மாதிரி சொன்ன விடை எனக்கு வியப்பாக இல்லை. தளத்தில் இருக்கும் லாட்டுகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, ஒன்று வெளியே போனால்தான் புதிதாக ஒன்றை உள்ளே விடுவது என்று விதி போட்டேன். நாளொன்றுக்கு வெளியே போகும் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. உள்ளே கிடக்கும் நாள்கள் கணிசமாகக் குறைந்தன. கம்பிப் பிரிவின் விழுக்காடு மட்டும் சரிந்தது. மேலாளரிடம் வரைபடத்தைக் காட்டினேன். நன்றாக ஆராய்ந்திருக்கிறாய் என்று பாராட்டினார். அடுத்த மாதக் கூட்டத்தில் திரையில் மறுபடி 95. ஒன்று மட்டும் மாறியது: வரிசையின் நடுவில் இரண்டாவது ஸ்கேனர் வந்திருக்கிறது.

என் சின்னம்மா மகன் இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு. "நானும் இதில் சேரலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறான். அவனைப் போலக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிய கையோடு சேராதே. ஓராண்டு, இரண்டாண்டு தளத்தில் நின்று பார். இல்லாவிட்டால் வரிசைக் கோட்பாடு வெறும் குறியீடாகத்தான் தெரியும். முதல் பருவத்தில் நிகழ்தகவும் நேரியல் திட்டமிடலும் வரும், கணக்குக்குப் பயந்தால் முன்கூட்டியே தூசு தட்டிக்கொள். மலேசியாவில் பாடங்களை மட்டும் படித்தும் முடிக்கலாம், ஆய்வாக மட்டும் செய்யலாம், இரண்டையும் கலந்தும் செய்யலாம். வேலை பார்க்கிறவனுக்குக் கலப்பு முறை பொருந்தும். கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கென்று எடுக்க முடியும், வருமான வரியிலும் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை சுயகல்விக் கழிவு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே ஆலையின் தரவைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கிவிடு. வாய்வார்த்தையை நம்பிய வகுப்புத் தோழி ஒருவர், மேலாளர் மாறியதும் பாதியில் தலைப்பையே மாற்ற வேண்டி வந்தது.

முடித்தால் சம்பளம் கூடுமா என்றும் கேட்டிருந்தான். எனக்கு முன்னால் முடித்தவர்களில் அதே இடத்தில் இருந்தவர்களுக்குக் கூடவில்லை, வேறு ஆலைக்கு மாறியவர்களுக்குக் கூடியது.