டிசைன் வேலைக்கு ப்ராசஸர் தேர்ந்தெடுத்த அனுபவம்

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பழைய கணினியின் ப்ராசஸரில் நான்கு கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யலாம் என்று விசாரித்தபோது, கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கோர் அதிகமா இருக்கிறதா பார்த்து வாங்குங்க." சரி, வாங்குவதற்கு முன்னால் என் வேலையில் உண்மையில் எது இழுக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

இல்லஸ்ட்ரேட்டரில் ஆயிரக்கணக்கான ஆங்கர் பாயின்ட் (கோடுகளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) உள்ள ஒரு பழைய ஃபைலைத் திறந்தேன். நகர்த்தினால் திக்கித் திக்கித்தான் நகரும். பக்கத்தில், ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர். ப்ராசஸர் பயன்பாடு 12, 13 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ப்ராசஸர் சும்மா இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் விஷயம் வேறு. எட்டு த்ரெட்டில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் மொத்தத்தில் அது 12.5 சதவீதம். ஒன்று மாடாய் உழைக்க, மற்ற ஏழும் கைகட்டி நிற்கின்றன! எனக்கு வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

போட்டோஷாப்பும் பெரும்பாலும் இந்த ரகம்தான். சில ஃபில்டர்கள் பல கோர்களைப் பயன்படுத்தும், சில வேலைகளை கிராபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ப்ராசஸரை வைத்து ரெண்டர் செய்பவர்களுக்கு (காட்சியை இறுதிப் படமாக உருவாக்குபவர்களுக்கு) இது பொருந்தாது. அங்கே எத்தனை கோர் கொடுத்தாலும் வேலை இருக்கும்.

அப்புறம் ஒப்பீடு. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸில் 16 கோர், அதிகபட்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ். ரைசன் 7 7700இல் 8 கோர், 5.3 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே ஜென் 4 வடிவமைப்புத் தலைமுறை என்பதால் இந்த எண்களை நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். (இன்டெல்லையும் ஏஎம்டியையும் இப்படிப் பார்க்கக் கூடாது, அதற்கு சிங்கிள் கோர் பெஞ்ச்மார்க், அதாவது ஒற்றைக் கோரின் வேகத்தை அளக்கும் சோதனைதான் சரி.) கோர் இரண்டு மடங்கு, வேகமோ 8 சதவீதம்கூடக் கூடவில்லை. டிடிபி எனப்படும் வெப்ப அளவில் முன்னது 170 வாட், பின்னது 65 வாட். 7700க்கு, சூட்டைத் தணிக்கும் கூலரும் பெட்டியிலேயே வருகிறது.

இன்டெல் ஐ5 13600கே கடைசிவரை போட்டியில் இருந்தது. வீடியோ எடிட்டிங் நிறைய இருந்திருந்தால், அதிலுள்ள, வீடியோவை வேகமாகக் கையாளும் குயிக் சிங்க் வசதிக்காகவே அதை எடுத்திருப்பேன். பெயரின் கடைசியில் 'எஃப்' சேர்ந்த மாடல்களில் உள்ளமைந்த கிராபிக்ஸும் இல்லை, குயிக் சிங்க்கும் இல்லை. இதைக் கவனித்து வாங்க வேண்டும். 7700 பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டில் பின்னால் ரைசன் 9000 வரிசையையும் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் நான் 7700 பக்கம் சாய்ந்தேன்.

மிச்சமான பணத்தை ரேமில் போட்டேன். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு ஏ3 போஸ்டர் என்றால் 3508 பெருக்கல் 4961 பிக்சல். எட்டு பிட் ஆர்ஜிபியில் (ஒரு பிக்சலுக்கு மூன்று பைட்) முழுதாக நிரம்பிய ஒரு லேயரே சுமார் 52 எம்பி. பதினாறு பிட் என்றால் அப்படியே இரட்டிப்பு. நாற்பது லேயர், மேலே ஹிஸ்டரி (செய்த மாற்றங்களின் பதிவு) வேறு. போட்டோஷாப்பின் கீழ்ப்பட்டையில் 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். அது 100க்குக் கீழே இறங்கினால் ரேம் போதாமல் ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் (ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடத்தில்) எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய கணினியில் எனக்கு அடிக்கடி இறங்கும். அந்தத் தாமதத்தை எந்த ப்ராசஸராலும் சரிசெய்ய முடியாது.

புதிய கணினியில் அந்த இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல் தடங்கல் இல்லாமல் நகர்கிறது. பெரிய நிழலும் பிளரும் சேர்ந்த ஃபைல்கள் மட்டும் இன்னமும் கொஞ்சம் இழுக்கும். அவற்றுக்கு எஃபெக்ட் மெனுவில் ராஸ்டர் எஃபெக்ட் அளவை (நிழல், பிளர் போன்றவை எத்தனை பிக்சல் நுணுக்கத்தில் உருவாக வேண்டும் என்பதை) 72க்கு இறக்கி வைத்து வேலை செய்கிறேன். அச்சுக்கு அனுப்பும் முன் 300க்கு ஏற்றி, நிழல்களை ஒருமுறை சரிபார்த்துவிடுவேன்.