பானெட்டில் காய்ந்த பூச்சிகளை ஊறவைத்து எடுத்த அனுபவம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டும் நேரத்தில் கார் ஓட்டி வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். வேம்பார் தாண்டி சாயல்குடியை நெருங்கும்போதே கண்ணாடியில் பட் பட்டென்று அடி விழ ஆரம்பித்துவிடும். மழை பெய்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கிற காலம் அது. மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பக்கம் பறவைகள் வந்து இறங்குவதும் அந்தத் தண்ணீரையும் அதில் பெருகும் உயிர்களையும் நம்பித்தான். பொழுது சாயும்வரை தட்டான்கள் வந்து மோதும். இருட்டியதும் ஈசல், அந்துப்பூச்சி, நெல் வயலிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் தத்துப்பூச்சி. ஏர்வாடி, கீழக்கரை கடந்து ஊருக்குள் வரும்போது முன் பம்பர், பானெட்டின் விளிம்பு, பக்கக் கண்ணாடிகள் எல்லாம் அப்பிப் போயிருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படித்தான் வந்து சேர்ந்தோம். என் கார் கருநீலம். இருண்ட நிறம் வெயிலை அதிகம் இழுக்கும், கீறலையும் கறையையும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மறுநாள் காலையில் அந்தப் பூச்சிகளை ஒரு கீறல் கூட விழாமல் எடுத்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு வாட்டர் வாஷ் கடையில் காரை விட்டபோது, காய்ந்த பூச்சியைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்துக் கொடுத்தார்கள். பூச்சி போய்விட்டது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பம்பர் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பொதுவாக அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. பூச்சி மோதி நசுங்கும்போது அதன் உடல் திரவம் இந்தப் பூச்சின் மேல் பரவுகிறது. அந்தத் திரவத்தில் புரதமும் கொழுப்பும் அமிலத்தன்மையும் உண்டு. காயக் காய அது பசை போல இறுகும். மறுநாள் வெயிலில் பானெட் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போனால் மேல்பூச்சு கொஞ்சம் இளகும், அதன் மேல் காய்ந்து சுருங்குகிற பூச்சி அங்கேயே தடம் பதித்துவிடும். அதனால்தான் ராத்திரி ஒட்டியதை மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் தெருவில் ராமேஸ்வரத்துக்கு டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் காரைப் பார்த்ததும், "தம்பி, ஒரு துணியில மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க, போயிரும்" என்றார். அவர் அனுபவஸ்தர், அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும், ஏனென்றால் தாரும் எண்ணெய் வகை. காய்ந்த பூச்சியில் பெரும்பகுதி புரதமும் மேலோடும்தான். அதை இளக்குவதற்குத் தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும். மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தால் உண்மையில் வேலை செய்வது கையின் அழுத்தம். கூடவே பூசியிருந்த மெழுகும் போகும், ரப்பர் பட்டைகளுக்கும் அது ஆகாது.

சரி, தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? மற்ற ஊர்க்காரர்கள் யாரும் இதை யோசிக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் முதல் கேள்வியே அதுதான். எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் காரைக் கழுவிக் காயவிட்டால் சொட்டு சொட்டாக வெள்ளைத் திட்டு விழும், அதுவும் வெயிலில் காய்ந்தால் லேசில் போகாது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று கார் கழுவ எடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் போர் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் அதில் இன்னும் செறிவாக இருக்கும். தரை கழுவலாம், காருக்கு வேண்டாம்.

குடிக்க வரும் காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்றவும் எனக்கு மனம் வராது. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து தண்ணீர் பிடிக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பூச்சி அதிகமாக இருக்கிற காலத்தில்தான் எங்களுக்கு மழையும் பெய்கிறது என்பது ஒரு வசதி. மொட்டை மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்திருந்தேன். மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது. இன்னொன்று, ஏசியின் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதிலும் உப்பு இல்லை. ஒரு வாளியை வைத்தால் ராத்திரியில் கணிசமாகச் சேர்ந்துவிடுகிறது. பூச்சியை ஊறவைக்க அந்த வாளியே போதுமானதாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தேன். பூச்சியில் கை வைக்கும் முன், காரின் மேல் இருப்பதையெல்லாம் ஓட விட வேண்டும். கடற்கரைச் சாலையில் ஓடிய வண்டியின் மேல் உப்புக்காற்று ஒரு படலமாகப் படிந்திருக்கும், மணலும் இருக்கும். தனுஷ்கோடி போய் வந்த காரென்றால் கேட்கவே வேண்டாம். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், மணல் கரையாது. அந்த மணலோடு துணியை இழுத்தால் பூச்சி எடுக்கிற வேலை கீறல் போடுகிற வேலையாகிவிடும். கூரையிலிருந்து கீழ்நோக்கித் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். இதற்கு மட்டும் போர் தண்ணீர்தான், காய விடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடலாம் என்பதால்.

அப்புறம் பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கிழித்து, கார் ஷாம்பு கலந்த ஏசி தண்ணீரில் நனைத்துப் பானெட்டின் மேல் விரித்தேன். துண்டை விட வேட்டிதான் இதற்கு நல்லது. துண்டு கனம் தாங்காமல் பம்பரிலிருந்து வழுக்கி விழுகிறது. நைந்த வேட்டித் துணி நிமிர்ந்த பரப்பிலும் ஈரத்தோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. கால் மணி நேரம் அப்படியே விட்டேன். நடுநடுவே துணி காயாமல் கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை தேவைப்படுகிற இடம் இதுதான். துணியின் நுனியைத் தூக்கிப் பார்த்து, இன்னும் இறுக்கமாக இருக்கிறதென்றால் மறுபடியும் போர்த்திவிட வேண்டும். நன்றாக ஊறிய பிறகு துணியை எடுத்தால் பாதிக்கு மேல் துணியோடே வந்துவிட்டது.

மீதிக்கு மைக்ரோஃபைபர் துணி. அழுத்தக் கூடாது, வட்டமாகத் தேய்க்கவும் கூடாது. துணியின் எடை மட்டும் படுகிற மாதிரி ஒரே திசையில் இழுத்து, உடனே துணியை மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாற்ற வேண்டும். பூச்சியின் கால், இறகு, ஓடு எல்லாம் துணியில் மாட்டிக்கொள்ளும். அதே பக்கத்தை வைத்துத் துடைத்தால் அவையே கீறும். ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பூச்சியும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஈசலின் இறகு தண்ணீர் பட்டதும் விலகிவிடும். ஆனால் உடம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் எண்ணெய்ப் பசையாக ஒரு தடம் நிற்கும், அதற்கு ஷாம்பு வேண்டும். அந்துப்பூச்சி மாவு போல இழுபடும். தட்டான்தான் கடினம். பம்பரில் இருந்த சிலவற்றுக்கு மூன்றாவது முறையும் வேட்டியைப் போர்த்த வேண்டியிருந்தது. அதற்கும் அசையாதவற்றுக்குக் கடையில் விற்கும் பூச்சி நீக்கும் ஸ்ப்ரேயை நிழலில் வைத்து அடித்து, அது காய்வதற்குள் கழுவிவிட்டேன்.

ஹெட்லைட்டும் முன்கண்ணாடியும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் ஒன்றல்ல. முன்கண்ணாடி நிஜக் கண்ணாடி, கொஞ்சம் அழுத்தம் தாங்கும். வைப்பரை மட்டும் காய்ந்த பூச்சியின் மேல் ஓட்டக் கூடாது, பால் மாதிரி இழுகிப் பார்வையையே மறைத்துவிடும். ஹெட்லைட் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளடிக்காமலிருக்க அதன் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது. மண்ணெண்ணெய், தின்னர், நார் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. ஊறவைத்து எடுப்பது ஒன்றே வழி.

பலரும் பார்க்காமல் விடுவது கிரில்லுக்குப் பின்னால். ஏசியின் கண்டென்சரும் அதற்குப் பின்னால் ரேடியேட்டரும் மெல்லிய அலுமினியத் தகடு வரிசைகள். பூச்சிகள் அங்கே அடைத்துக்கொண்டால் காற்று போவது குறையும், ஏசியின் குளிர்ச்சியும் குறையும். இஞ்சின் ஆறியிருந்தபோது சாதாரணக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தத்தில் அடித்தால் அந்தத் தகடுகள் மடங்கிவிடும்.

கடைசியாக மழைத் தண்ணீரில் முழுக் காரையும் அலசி, காய விடாமல் துடைத்தேன். பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்த்தேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்கு மேலாகத் தெரியும். இரண்டு இடங்களில் தட்டுப்பட்டது. அங்கே ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, கிளே பார் எனும் களிமண் போன்ற கட்டியால் லேசாக வழுக்கவிட்டதும் நின்றுபோனது.

இவ்வளவுக்குப் பிறகும் பானெட்டின் நுனியில் சில மங்கலான தடங்கள் மட்டும் இருந்தன. தட்டான் மோதிய இடங்கள் அவை. கீழக்கரையில் பாலிஷ் வேலை பார்க்கும் காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்ல தம்பி, பூச்சே உள்ள வாங்கியிருக்கு. மிஷின்ல லேசா ஓட்டுனா ஆழமில்லாதது போயிரும். ஆழமானதையும் எடுக்கணும்னு நின்னா பூச்சுதான் குறையும். ஒவ்வொரு மழைக்கும் ஓட்ட முடியாதுல்ல?" என்றார். வேலை வந்தால் போதும் என்று நினைக்காமல் அப்படிச் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. லேசாக ஒரு முறை ஓட்டினார், பெரும்பாலானவை மறைந்தன. ஆழமாக இறங்கியவற்றை விட்டுவிடச் சொன்னேன். பிறகு பம்பர், பானெட், கண்ணாடிகளின் முதுகு எல்லாவற்றிலும் மெழுகு பூசிக் கொடுத்தார்.

மெழுகு இருக்கும் பரப்பில் பூச்சியின் பசை அவ்வளவு பிடிப்பதில்லை. அடுத்து வந்த பயணத்தில் ஒரே ஊறலில் கையோடு வந்துவிட்டது. துணி சோப்புத்தூளில் கழுவினால் இந்த மெழுகு போய்விடும், அதனால் கார் ஷாம்பு மட்டும். மழை பிறக்கும் முன் புரட்டாசியிலேயே ஒரு முறை பூசிவிடுகிறேன்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. மாலை வெயிலில் கண்மாய்க் கரையோரம் தட்டான் கூட்டத்தைக் கண்டால் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். மெதுவாகப் போனால் பல காற்றோடு மேலேறிக் கூரையைத் தாண்டிவிடுகின்றன. பெயிண்ட்டுக்காக மட்டும் இல்லை. இங்கே மழைக்காலத்தில் பறக்கும் தட்டான்களில் ஓர் இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டியது என் பம்பரில் முடிய வேண்டாம் என்று தோன்றுகிறது. இருட்டிய பிறகு வரும் ஈசலுக்கு இது உதவாது. அதற்காக ஏசி தண்ணீர் ஒரு பாட்டிலும் வேட்டித் துண்டு ஒன்றும் டிக்கியில் இருக்கின்றன. ஏர்வாடியில் டீ குடிக்க நிறுத்தினால் பம்பரில் ஈரத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் கடைக்குள் போகிறேன்.