வெண்மணலில் பெரும்பூப் பாவ்பா: விதை முதல் முதற்பூ வரை

நடு ஃபுளோரிடாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் முழுவதும் வெண்மணல்; பெருமழை பெய்தாலும் சற்று நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்துவிடும். இத்தகைய மணல்மேடுகளையே இயல்பிடமாகக் கொண்டதும், ஃபுளோரிடா தீபகற்பத்துக்கு வெளியே தானாக வளராததுமான 'அசிமினா ஒபோவேட்டா' என்னும் பெரும்பூப் பாவ்பாவை அங்கே விதையிலிருந்து வளர்த்து வருகிறேன். சீத்தாவும் மனோரஞ்சிதமும் அடங்கிய அனோனேசியே குடும்பத்துப் புதர் இது.

விதை காய்ந்தால் முளைப்புத்திறன் கெடும் என்பதால், நண்பரின் நிலத்தில் கோடையில் பழுத்த கனியிலிருந்து எடுத்த விதைகளைச் சதை போகக் கழுவி, விதைக்கும் வரை ஈரப்பாசியில் பொதிந்து வைத்திருந்தேன். விதைத்தபின் பல மாதங்கள் மேலே ஒன்றும் தென்படவில்லை. ஆணிவேரை ஆழமாக இறக்கிய பிறகே தண்டை வெளியே விடும் செடி என்பதால், இதற்கு அகலமான தொட்டி பயன்படாது. பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, மணல் நிரப்பி அதில்தான் விதைத்திருந்தேன். நடும் நாளில் கம்பியை அவிழ்த்துப் பார்த்தால், விரல் நீளத் தண்டுக்குக் கீழே முழங்கை நீளத்துக்கு வேர் ஓடியிருந்தது. அந்த வேர் அறுந்தால் செடி பிழைப்பது அரிது. காட்டிலிருந்து பெயர்த்து வந்து நடுவது பெரும்பாலும் வீணாவதும் இதனால்தான்.

குழியில் தொழுவுரமோ மட்கோ இடவில்லை. மண்ணை வளப்படுத்தச் சொல்லும் பொது அறிவுரை, வறண்ட மணலுக்கென்றே அமைந்த இச்செடிக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. வேர் பிடிக்கும் வரை மட்டும் தண்ணீர் ஊற்றினேன். அடுத்து வந்த ஆண்டுகளில் உயரம் மிக மெதுவாகவே கூடியது.

இவ்வசந்தத்தில் ஒரு செடி பூத்தது. செம்மயிர் அடர்ந்த புதுத்துளிரின் நுனியில் தலைகவிழ்ந்த மொட்டு, பச்சை நிறமாக விரிந்து, இதழ்கள் நாளுக்கு நாள் நீண்டு, பின்னரே தூய வெண்மையானது. வண்டுகள் வந்தும் காய் பிடிக்கவில்லை. ஒரே பூவில் சூல்முடி முன்னதாகவும் மகரந்தம் பின்னதாகவும் முதிர்வதால், வேறொரு செடியும் உடன் பூத்திருக்க வேண்டும். என் இரண்டாவது செடி இன்னும் மொட்டு விடவில்லை.

வரிக்குதிரைக் கோடுகளும் நீண்ட வாலும் கொண்ட வண்ணத்துப்பூச்சி இளந்தளிர்களில் முட்டையிட்டுச் செல்கிறது. அதன் புழுக்களுக்குப் பாவ்பா இனங்களைத் தவிர வேறு உணவில்லை என்பதால் மருந்து எதுவும் தெளிப்பதில்லை. தின்ற கொழுந்துக்கு ஈடாகச் செடி வேறு துளிர் விட்டுக்கொள்கிறது. அடுத்த பருவத்தில் இரண்டும் சேர்ந்து பூத்தால், தூரிகையால் மகரந்தம் மாற்றிப் பார்க்க எண்ணியுள்ளேன்.