பத்துக்கு மூன்று என்ற மதிப்பெண்ணுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டாம் வகுப்பில் சொல்வதை எழுதுதல் வைக்கிறீர்கள். குடம், மரம், தேன், பள்ளி, கொக்கு, மேகம், வெயில், கிளி, பூனை, நெல் என்று பத்துச் சொற்கள். ஒரு குழந்தை பத்துக்கு மூன்று வாங்குகிறது. மூன்று வாரம் கழித்து அதே சொற்களைக் கொடுத்தால் மறுபடியும் மூன்று. இந்த இடத்தில்தான் பல ஆசிரியர்களுக்கு மனம் விட்டுப்போகிறது. "எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் ஏறவே மாட்டேங்குது" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்த நோட்டை இன்னொரு முறை பாருங்கள். சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள். பத்துச் சொற்களிலும் சேர்த்து 26 எழுத்துகள். முதல் தடவை அவற்றில் 12 சரியாக இருந்தன என்று வைத்துக்கொள்வோம். இப்போது குழந்தை எழுதியிருப்பது: தென், மெகம், வேயில், நேல், கெக்கு, புனை, பல்லி. குடம், மரம், கிளி மூன்றும் சரி. எழுத்துக் கணக்கில் 18 சரி. மதிப்பெண் அசையவில்லை, ஆனால் குழந்தை ஆறு எழுத்து நகர்ந்திருக்கிறது. அதோடு, தவறான ஏழு சொற்களில் நான்கு ஒரே பிழை: ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறிப்போகின்றன. நாளைக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பதும் கையில் கிடைத்துவிட்டது.

ஆசிரியருக்கு நம்பிக்கையான மனநிலை வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். காலையில் கண்ணாடி முன் நின்று சிரிப்பதால் அது வராது. அளக்கும் அளவுகோல் போதுமான அளவு நுணுக்கமாக இருந்தால்தான் வரும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவரத் தமிழ்நாட்டில் 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. குழந்தையை எந்த நிலையில் வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று முடிவு செய்ய அவை பயன்படும். ஆனால் அரும்பிலிருந்து மொட்டுக்குப் போவதற்கு இடையே பல வாரங்கள் ஓடும். அந்த வாரங்களில் நடக்கும் வளர்ச்சியைப் பிடிக்க நாமே இன்னும் சின்ன படிகள் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசிப்பில் நான் முக்கியமாகக் கருதும் படிகள் சில. எழுத்தைக் காட்டினால் ஒலியைத் தயங்காமல் சொல்வது. ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு முழித்த குழந்தை, 'படம்' என்று சேர்ப்பது. மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனிப்பது. விரல் வைக்காமல் ஒரு வரி வாசிப்பது. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, தானே திருத்திக்கொள்வது. "அண்ணன் பல்லிக்குப் போனான்" என்று வாசித்துவிட்டு நின்று, "பள்ளிக்கு" என்று மாற்றினால், அந்தக் குழந்தை பொருளைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறது என்று அர்த்தம். பிழையில்லாமல் ஒப்பித்த பத்து வரியைவிட இந்த ஒரு திருத்தம் மதிப்பு மிக்கது. வகுப்புச் சத்தத்தில் மிக எளிதாகத் தவறிப்போவதும் இதுதான்.

கணக்கிலும் இப்படித்தான். 52இல் 27 போனால் எவ்வளவு என்றால் 35 என்று எழுதும் குழந்தைகள் நிறைய. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஒருநாள் அந்தக் குழந்தை "டீச்சர், ரெண்டுல ஏழு போகாதே" என்று நிறுத்தினால், விடை இன்னும் வரவில்லை என்றாலும் தடை உடைந்துவிட்டது. கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் கிடையாது. 25 வரும்வரை காத்திருந்து பாராட்டினால் தாமதம்.

இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது, எழுதத்தான் வேண்டும். ஒரு சாதாரண 80 பக்க நோட்டு போதும். ஒரு குழந்தைக்கு இரண்டு பக்கம். தினமும் எல்லாரையும் பற்றி எழுத முயன்றால் இரண்டாவது வாரத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும். நாளுக்கு நான்கு குழந்தைகள் என்று முன்கூட்டியே பெயர் குறித்துக்கொள்ளுங்கள். 20 பேர் உள்ள வகுப்பில் வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் வந்துவிடுவார்கள். தேதி போட்டு ஒரே வரி. "நன்றாக வாசித்தாள்" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. "கொ, கோ இரண்டையும் துணைக்கால் விடாமல் வாசித்தாள், கௌ வரவில்லை" என்று எழுதினால் உதவும். நான்கு வரிக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். மதிய இடைவேளைக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. மாலைக்குத் தள்ளினால் வருகைப் பதிவும், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலையும் அதை விழுங்கிவிடும்.

சில நாள் எழுத ஒன்றும் இருக்காது. அப்போது இல்லாததை இட்டுக்கட்ட வேண்டாம். "ழகரப் பயிற்சி பலிக்கவில்லை, நாளை நாக்கு எங்கே மடங்குகிறது என்று வாயைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும்" என்று எழுதுங்கள். எது வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் கணக்கில் சேரும்.

எழுதுவது ஏன் அவசியம் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. தெரசா அமாபிலேயும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 ஊழியர்களின் அன்றாட நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொருளுள்ள வேலையில் சிறிதாவது முன்னேற்றம் கண்ட நாளே ஊழியர்களுக்கு நல்ல நாளாக இருந்தது. ஆனால் பின்னடைவு மனத்தைத் தாக்கும் வேகம் அதைவிட அதிகம். ஆய்வு நடந்தது அலுவலகங்களில், பள்ளிகளில் அல்ல. என்றாலும் வகுப்பறைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு பையன் நோட்டைக் கிழித்தது இரவு வரை மனத்தில் நிற்கும்; நான்கு பேர் புதிதாக ஒரு சொல் வாசித்தது நான்கு மணி மணியடிக்கும்போதே மறந்துவிடும். தாளில் இருந்தால் மறக்காது.

இப்படிப் பிடித்த சின்ன முன்னேற்றங்களைக் கொண்டாடவும் வேண்டும். கொண்டாட்டம் என்றதும் சுவரில் நட்சத்திர அட்டவணை ஒட்டுவதுதான் பலருக்குத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாத முடிவில் யார் பெயருக்கு எதிரே நட்சத்திரம் இல்லை என்பதுதான் அதில் பளிச்சென்று தெரியும். பரிசு ஆர்வத்தைக் குறைக்கவும் கூடும். 1973இல் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைய எடுத்துக்கொண்ட நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பென்சிலோ மிட்டாயோ எப்போதாவது கொடுங்கள். "படிச்சா தருவேன்" என்று பேரம் வைக்காதீர்கள்.

எதற்கெடுத்தாலும் "வெரி குட், எல்லாரும் கை தட்டுங்க" என்பதும் சில நாளில் நீர்த்துப்போகும். கைதட்டு எதற்கென்று குழந்தைக்குத் தெரியாது. செய்த செயலைச் சொல்லுங்கள்: "பல்லின்னு படிச்சிட்டு நீயே பள்ளின்னு மாத்திட்டியே, எப்படிடா கண்டுபிடிச்சே?" பதில் சொல்ல முயலும்போது அந்த உத்தி அவனுடையதாகிவிடும். "நீ ரொம்பப் புத்திசாலி" என்பதைத் தவிர்ப்பது நல்லது. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், அறிவைப் பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்களில் தோற்ற பிறகு தொடர்ந்து முயல்வதில் குறைந்த ஆர்வமே காட்டினார்கள். முயற்சியைப் பாராட்டப்பட்டவர்களிடம் அந்த ஆர்வம் அதிகமாக இருந்தது.

வீட்டுக்குச் சொல்வதுதான் இருப்பதிலேயே நல்ல கொண்டாட்டம். பள்ளியிலிருந்து போன் என்றாலே அடிபட்டதா, சண்டையா என்று பதறும் பெற்றோர்தான் அதிகம். "ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா, உங்க பொண்ணு இன்னைக்கு ஒரு பக்கத்தைத் தானாவே வாசிச்சா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." முதல் சொற்களிலேயே பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பும் நேரம் பார்த்து வாரத்துக்கு மூன்று வீடுகள், இரண்டிரண்டு நிமிடம். பின்னால் வருகை குறைவதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அந்தப் பேச்சு இதனால் எளிதாகும்.

நம்பிக்கையான மனநிலையைக் காட்டி உண்மையான குறைகளை மூடிவிடக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் தனியாள். அந்த நாளில் பாடம் நகரவில்லை என்றால் காரணம் மனநிலை அல்ல. அதை, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும். அங்கே நோட்டு கைகொடுக்கும். "கஷ்டமா இருக்கு சார்" என்பதைவிட, எந்தெந்தத் தேதிகளில் எந்தக் குழந்தையின் வாசிப்பு நின்றது என்று காட்டினால் பேச்சுக்கு எடை கூடும்.

அதேபோல் ஒரு குழந்தையின் பக்கத்தில் ஆறு வாரமாக ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பாராட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பிறகு கரும்பலகையில் இருப்பது கடைசி வரிசையிலிருந்து தெரிகிறதா, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஐயம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் அழையுங்கள். அவர்கள் முதலில் கேட்பது எப்போதிலிருந்து, எதில் தடுமாற்றம் என்பதைத்தான். தேதியோடு எழுதிய அந்த இரண்டு பக்கத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.