ஒன்பது மதிப்பெண்

"அது எனக்குப் பொருந்தாது சிஸ்டர்" என்று அந்த இளைஞர் சொன்னது உண்மைதான் என்று அப்போதும் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் நான் கேட்டது விளையாட்டைப் பற்றிய கேள்வி. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் தோல் நோயால் விளையாடுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்று படிவம் கேட்கிறது. விளையாடாத ஒருவர் "பொருந்தாது" என்ற கட்டத்தில் குறியிட்டால் அதில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. நண்பர்களோடு வெளியே போவது, நெருங்கியவர்களோடு உள்ள உறவு, தாம்பத்தியம் ஆகிய மற்ற மூன்று கேள்விகளிலும் அவர் அதே கட்டத்தில்தான் குறியிட்டிருந்தார். கூட்டிப் பார்த்தேன், ஒன்பது வந்தது. (அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

தோல் நோய்க்குப் புற ஊதாக் கதிர் தரும் ஒளிச்சிகிச்சை அறையில் பணிபுரியும் என்னைப் போன்ற செவிலியர்களுக்கு இந்தப் படிவம் மனப்பாடம். தோல் நோய் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, 1994-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில் ஃபின்லே, கான் என்ற இருவர் உருவாக்கிய டி.எல்.கியூ.ஐ. இது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் நோய் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கிறது என்று பொருள். சிகிச்சையின் தீவிரத்தைக் கூட்டலாமா என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். ஆறிலிருந்து பத்துக்குள் இருந்தால் மிதமான பாதிப்பு. ஆகவே ஒன்பது என்பது யாரும் நிமிர்ந்து பார்க்காத எண்.

சிக்கல் எங்கே என்றால், "பொருந்தாது" என்ற பதிலுக்கு மதிப்பெண் சுழியம். "பாதிப்பே இல்லை" என்று சொல்பவருக்கும் அதே சுழியம். சட்டையைக் கழற்ற நேரிடுமே என்று கைப்பந்தை விட்டவர், கை கொடுத்தால் செதில் ஒட்டுமே என்று நண்பர்களை விட்டவர், யாரும் தன்னைத் தொட விரும்ப மாட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டவர் என எல்லோரும் தாம் விட்டுவிட்ட ஒவ்வொன்றுக்கும் சுழியம் பெறுகிறார்கள். வாழ்க்கை எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நலமாக இருப்பதாகக் கணக்கு காட்டும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. 2018-இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதற்குத் திருத்தம் சொல்லிவிட்டார்கள். பொருந்தாத கேள்விகளை நீக்கிவிட்டு, மீதமுள்ளவற்றில் பெற்றதை முப்பதுக்கு விகிதப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அந்த இளைஞர் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தார். அந்த ஆறுக்கு அதிகபட்சம் பதினெட்டு, பெற்றது ஒன்பது. விகிதப்படுத்தினால் பதினைந்து. ஒரே தாள், ஒரே மனிதர். ஒரு கணக்கில் மிதம், மற்றொன்றில் கடுமை.

அன்று எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை. நான் நின்றது வேறொரு காரணத்தால். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் அவருக்கு உடலில் அதிகம் பரவியிருக்கவில்லை. முழங்கைகள், புறங்கைகள், காதோரம், தலை, அவ்வளவுதான். ஆனாலும் உடை பற்றிய கேள்விக்கும் கூச்சம் பற்றிய கேள்விக்கும் மூன்று, மூன்று என்று முழு மதிப்பெண் போட்டிருந்தார். உள்ளே வரும்போது சட்டையின் முழுக்கைப் பொத்தான் மணிக்கட்டு வரை இறுகப் பூட்டியிருக்கும். கழற்றி மாட்டும்போது தோளிலும் இருக்கையிலும் விழுந்த செதில்களை உள்ளங்கையால் ஒதுக்கி, தாமே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் பெட்டிக்குள் போவார். "விடுங்க, நான் பெருக்கிக்கிறேன்" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்டதில்லை.

பெட்டி என்று நாங்கள் சொல்வது, சுற்றிலும் குழல் விளக்குகள் நிற்கும், ஓர் ஆள் நிற்கக்கூடிய கூண்டு. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். முதலில் சில நொடிகள். தோல் சிவக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்ட வேண்டும். மருத்துவர் மாதம் ஒரு முறை பார்க்கும் நோயாளியை நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதனால்தான். கதவு மூடியதும் உள்ளே இருப்பவருக்கு எங்கள் முகம் தெரியாது, எங்களுக்கு அவர் முகம் தெரியாது, மின்விசிறியின் ஓசைக்கு மேலே குரல் மட்டும் வரும். அந்த நேரத்தில்தான் பலர் பேசுவார்கள். பெரும்பாலும் தேர்வு, வேலை, தூக்கம் வராத கதைகள்.

அன்று கதவுக்கு வெளியே நின்று, "விளையாட்டு எப்பவுமே கிடையாதா, இல்ல நடுவுல விட்டதா?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "எல்லாமே விட்டாச்சு சிஸ்டர்" என்றார். அந்த "எல்லாமே" என்னை உறுத்தியது. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தபடி, சுற்றி வளைக்காமல், "உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணியிருக்கா தம்பி?" என்று கேட்டேன். "காலையில எழுந்திருக்காம போயிட்டா நல்லா இருக்கும்னு தினமும்தான் தோணுது. நானா எதுவும் பண்ணிக்க மாட்டேன்" என்றார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. விளக்குகள் அணைந்தன. அவர் வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இதை எழுதாதீங்க" என்றார்.

நான் எழுதினேன். எழுதுவதற்கு முன்பு அவரிடம் சொன்னேன்: "டாக்டர்கிட்ட மறைக்க எனக்கு அனுமதி இல்ல தம்பி. நீங்க கூட வாங்க, உங்க முன்னாடியே சொல்றேன்." அவர் கத்தவில்லை. "இந்த ரூம்ல சட்டையைக் கழட்டறதுக்கே எனக்கு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். மருத்துவரிடம் வந்தார், அன்று மாலையே மனநல மருத்துவரையும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒளிச்சிகிச்சைக்கு வரவில்லை. மாத்திரைக்கு மாறிக்கொள்வதாக மருத்துவரிடம் சொல்லி அனுப்பினார். மனநலப் பிரிவுக்கு ஒழுங்காக வருகிறார் என்று அங்குள்ள செவிலியர் ஒருவர் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை; அவரும் சொல்லக்கூடாது.

இவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை, விதிமுறை எதையும் மீறவில்லை. அதே நிலை மீண்டும் வந்தால் அதையேதான் செய்வேன். ஆனாலும் அந்தக் கேள்வி, சட்டையைக் கழற்ற எத்தனை நாள் ஆனது என்ற கேள்வி, என்னை விடுவதாக இல்லை. அவர் தம் தோலை இன்னொருவர் கண் முன் திறந்து வைத்த ஒரே இடமாக அந்த அறை இருந்திருக்கலாம். அவரைக் காப்பாற்றுவதற்காக நான் செய்தது, அந்த ஒரே இடத்தையும் "பொருந்தாது" பட்டியலில் சேர்த்துவிட்டதோ என்று தோன்றும். உடனே, ரகசியத்தைக் காத்து நம்பிக்கையைச் சம்பாதித்து, ஒரு நாள் அவர் வராமல் போயிருந்தால் அந்த நம்பிக்கையால் யாருக்கு என்ன பயன் என்றும் தோன்றும். இந்த இரண்டு எண்ணங்களில் ஒன்று மற்றொன்றை வென்றதாக எனக்கு நினைவில்லை.

எண்களைப் படித்தால் தெளிவு வரும் என்று நினைத்தேன். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 13 ஐரோப்பிய நாடுகளில் தோல் சிகிச்சைக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டது. தற்கொலை எண்ணம் இருந்ததாகச் சொன்னவர்கள் 12.7 விழுக்காடு, தோல் நோய் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் 8.3. நார்வேயில் 18, 19 வயதினரிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் நெருக்கமானவை. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ளவர்களில் 15.5 விழுக்காட்டினருக்கு அந்த எண்ணம் இருந்தது, இல்லாதவர்களில் 9.1. கரப்பானோடு கடும் அரிப்பும் சேர்ந்தவர்களிடம் அது 23.8. கடுமையான முகப்பரு உள்ளவர்களிடமும் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். முகப்பருவை இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லி அனுப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது; அந்த எண்ணைப் பார்த்த பிறகு அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை.

அரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகலில் ஏதோ வேலையில் மறந்துபோவது இரவில் தலைதூக்கும். தூங்க முடியாது, தூங்கினாலும் சொறிந்துகொண்டே விழிப்பார்கள், காலையில் விரிப்பில் இரத்தக் கறை இருக்கும். இது வாரக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தூக்கமின்மை தனியாகவே தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது. "காலையில் எழாமல் இருந்தால்" என்று அவர் சொன்னதில் எவ்வளவு நோயின் பேச்சு, எவ்வளவு தூக்கமில்லாத இரவுகளின் பேச்சு என்று பிரித்துப் பார்க்க நான் முயன்றதுண்டு. பிரிக்க முடியவில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

இந்த எண்கள் எல்லாம் எண்ணத்தைப் பற்றியவை, மரணத்தைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நேரத்தில் கேட்டுப் பெற்ற பதில்களிலிருந்து நோய்தான் எண்ணத்தை உண்டாக்கியது என்று முடிவு கட்டவும் முடியாது. தற்கொலையால் நேரும் மரணங்களை எடுத்துக்கொண்டால் எல்லாத் தோல் நோய்களுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் சீழ்க்கட்டிகள் மீண்டும் மீண்டும் வரும் ஹைட்ராடினைடிஸ் நோயில், ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று 2018-இல் டென்மார்க் ஆய்வு காட்டியது. சொரியாசிஸில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. ஆக, அவர் "நானா எதுவும் பண்ணிக்க மாட்டேன்" என்றபோது, பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும். பெரும்பாலும் என்பதை வைத்துக்கொண்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதுதான் என் தொல்லை.

எங்கள் மருத்துவர் என்னைக் கண்டிக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு கருத்து உண்டு: தோலைக் காட்ட வந்தவரிடம் உயிரைப் பற்றிக் கேட்டால், அடுத்த முறை தோலைக் காட்டவும் வர மாட்டார். கேட்பதே அந்த எண்ணத்தை விதைக்கும் என்ற பழைய அச்சத்திலிருந்து அவர் இதைச் சொல்லவில்லை. 2005-இல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்து, கேட்பதால் அந்த எண்ணம் கூடவில்லை என்று காட்டியிருக்கிறார்கள்; அது அவருக்கும் தெரியும். அவர் சொல்வது, கேட்ட பிறகு அந்த அறை வேறு அறையாகிவிடுகிறது என்பதை. அந்த இளைஞரின் விஷயத்தில் அவர் சொன்னபடியே நடந்திருக்கிறது என்பதால் என்னால் வாதாட முடியவில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: மனநல மருத்துவரிடம் அவராகப் போயிருக்க மாட்டார். "அதுவும் சரிதான்" என்றார்.

இப்போது நான் கூட்டுவதற்கு முன் "பொருந்தாது" கட்டங்களை எண்ணிவிடுகிறேன். ஒன்றுக்கு மேல் இருந்தால் எப்போதிலிருந்து என்று கேட்கிறேன். மணமாகாதவர் தாம்பத்தியக் கேள்விக்கு அப்படிக் குறியிடுவதில் கேட்க எதுவும் இருக்காது. விளையாட்டையும் நண்பர்களையும் சேர்த்து விட்டவரிடம் கேட்க நிறைய இருக்கும். இதனால் வரிசை நீள்கிறது என்று முறையிடுகிறார்கள், நீளத்தான் செய்கிறது.

அண்மையில் எங்கள் பிரிவுக் கூட்டத்தில், மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விப் படிவத்தையும் எல்லா நோயாளிகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. அதன் கடைசிக் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் இறந்துவிட்டால் நல்லது என்று தோன்றியதா என்பது. டி.எல்.கியூ.ஐ.-யின் பத்துக் கேள்விகளில் இது இல்லை; ஆகவே தேவைதான். ஆனால் அந்த இளைஞர் கையில் பேனாவும் தாளும் கொடுத்து, பக்கத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் வரிசையில் கேட்டிருந்தால், "ஒருபோதும் இல்லை" என்ற கட்டத்தில் நிதானமாகக் குறியிட்டுக் கொடுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் கோப்பு முழுமையாக இருந்திருக்கும். அவரும் தொடர்ந்து ஒளிச்சிகிச்சைக்கு வந்துகொண்டிருப்பார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே, கூட்டத்தில் நான் அந்த யோசனையை ஆதரித்துத்தான் பேசினேன்.