13 மில்லிமீட்டர் ராடு தேடிய கதை

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோமே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. பதினோரு வருடம் செட்டுக்குள் நின்ற கார், செல்ஃப் போட்டால் அரைச் சுற்றில் முட்டி நிற்கிறது. பேட்டரிதான் வீக் என்று நாங்களாகவே முடிவு கட்டி, இரண்டாம் கியரில் போட்டு, பள்ளத்தூர் சாலையில் இழுத்தோம். 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்ஜின் ஓடத்தான் செய்தது, ஆனால் ஆட்டுக்கல்லில் சரளைக் கல்லைப் போட்டு ஆட்டுவது மாதிரி. ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கேஸ்கெட் போய், மூன்றாவது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் நசுங்காது, அதனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராடு (கனெக்டிங் ராடு) வளைந்துவிட்டது. பிளக்கை நாலையும் கழற்றிவிட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை.

வண்டி 1986 மாடல் வோல்வோ 740 டர்போ. அப்பச்சி கோலாலம்பூரில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. எங்கள் ஊர் வீடுகளில் பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருப்பதைப் போல எங்கள் வீட்டில் இது. பார்க்க வருகிறவர்கள் விண்டேஜ் கார் என்கிறார்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி அந்தப் பெயருக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், இன்ஜினிலும் பாடியிலும் பெரிதாகக் கை வைத்திருக்கவும் கூடாது. இந்த வண்டிக்கு இரண்டுமே நடக்காது, போகட்டும்.

இன்ஜினின் பெயர் பி230இடி. 2316 சிசி, போர் 96, ஸ்ட்ரோக் 80, காரெட் டி3 டர்போ, கம்பெனிக் கணக்கில் 182 குதிரைத் திறன். சிவப்புப் பெயின்ட் அடித்த இந்த இன்ஜின் பிளாக் இரும்பு மாதிரி உழைக்கும் என்று உலகம் முழுக்கச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் 1985 முதல் 1989 வரை வந்தவற்றில் கனெக்டிங் ராடின் தண்டு வெறும் 9 மில்லிமீட்டர். 1990 மாடலிலிருந்து 13 மில்லிமீட்டராக்கிவிட்டார்கள். நீளம் அதே 152, கிராங்க் பக்க அளவும் அதே. எப்படியும் ராடு மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றுகிறவன் எதற்கு மறுபடியும் 9ஐப் போட வேண்டும், 13 போட்டால் பூஸ்ட்டையும் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஆசை வந்தது. அந்த ஆசைக்கு ஒன்றரை வருடம் ஆனது.

முதலில் சென்னை. காரைக்குடியில் விடிகாலை பல்லவன் ரயிலைப் பிடித்தால் மதியம் எழும்பூர், அங்கிருந்து பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே நான் செய்த தப்பு, கடை கடையாகப் போய் "வோல்வோ 740க்கு ராடு இருக்கா" என்று கேட்டது. வோல்வோ என்றாலே எல்லோருக்கும் பஸ்தான். ஒருவர் உண்மையிலேயே பஸ் ராடைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார், என் முழங்கை நீளம் இருந்தது. வெறுங்கையோடு திரும்பிப் போகிற நேரத்தில் ஒரு பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, இங்க வண்டி பேரைச் சொல்லாதீங்க, அளவைச் சொல்லுங்க. பேரைச் சொன்னா இல்லன்னுதான் வரும், அளவைச் சொன்னா தேடிப் பார்ப்பான்" என்றார். அந்த டீக்குப் பிறகு அரை மணி நேரத்தில் டர்போவுக்கும், அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் போகிற வளைந்த சிலிக்கான் குழாய்கள், டி-போல்ட் கிளாம்புகள் எல்லாம் கிடைத்தன. உள் விட்டம், வளைவு எத்தனை டிகிரி, அவ்வளவுதான் சொன்னேன். எந்த வண்டிக்குச் செய்தவை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ராடு மட்டும் அங்கே இல்லை.

மறுநாள் ரிச்சி தெரு போய் சூடு தாங்கும் வயர் வாங்கினேன். அந்தக் காலத்து வோல்வோக்களில் இன்ஜின் வயரிங்கின் மேல்தோல் தானாக உதிர்ந்துவிடும், தெரிந்த வியாதி. எங்கள் வெயிலில் கேட்கவே வேண்டாம், தொட்டால் முறுக்குத் தூள் மாதிரி கொட்டியது. காரைக்குடி எலக்ட்ரீஷியன் அண்ணன் பழைய வயர் கட்டை அப்படியே பலகையில் ஆணி அடித்து விரித்து, ஒவ்வொரு வயராகப் புதிது கட்டிக் கொடுத்தார். இந்த முழு வேலையிலும் நான் கவலையே படாத ஒரே பகுதி அதுதான்.

ராடுக்கு வருகிறேன். மலேசியாவில், கிள்ளானில் அம்மான் மகன் இருக்கிறார். அங்கே பழைய வண்டிகளை வெட்டிப் பாகமாக விற்கும் கடைகளுக்குப் 'பொத்தோங் கடை' என்று பெயர். அத்தானுக்கு போன் போட்டேன். "மாப்பிள்ளை, 940 டர்போ ஒண்ணு வெட்டுறான், 92 மாடல், ராடு வாங்கிடவா?" என்றார். 940 என்பது 740க்கு அடுத்து வந்த மாடல், 92 என்றால் 13 தானே, வாங்குங்கள் என்றேன். ஒரு கல்யாணத்துக்கு வந்த உறவினர் பையில் ராடுகள் திருச்சி விமான நிலையத்தில் இறங்கின. பையைத் திறக்கச் சொன்னார்களாம், பில்லைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். வீட்டு முகப்பிலேயே உட்கார்ந்து வெர்னியர் வைத்து அளந்தேன். 9. நாலும் 9. வண்டி 92தான், ஆனால் யாரோ எப்போதோ அதில் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் 940 என்றார், அது 940தான். புதுப்பேட்டைப் பெரியவர் சொன்ன பாடத்தை நான் புதுப்பேட்டையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாவது முறை அத்தானிடம் கறாராகச் சொன்னேன்: ராடின் தண்டில் வெர்னியரை வைத்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ வந்தால்தான் பணம். ஏழு மாதம் கழித்து அந்த போட்டோ வந்தது. 13.1 என்று காட்டியது, துருவையும் சேர்த்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அப்படியே மாட்டவில்லை. மதுரையில் ஒரு பட்டறையில் விரிசல் சோதனை பார்த்து, நாலையும் எடை போட்டு ஒரு கிராமுக்குள் கொண்டுவந்து, போல்ட்டுகளை மட்டும் புதிதாகப் போட்டோம். பழைய போல்ட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேஸ்கெட் செட்டும், ராடு கிராங்கோடு சேரும் இடத்தில் போடும் பிக் எண்ட் பேரிங்கும் ஸ்வீடனிலிருந்து கூரியரில் வந்தன. இங்கே கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பொருள் 18,000 ரூபாய், அனுப்பும் கூலி 5,000. வரி 18,000க்கு அல்ல, 23,000க்கு. கூலியும் மதிப்பில் சேரும். எல்லாவற்றையும் கார் பாகம் என்று எடுத்துக்கொண்டு அடிப்படைச் சுங்கம் 15 விழுக்காடு, அந்தச் சுங்கத்தின் மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி, இவ்வளவையும் கூட்டி அதன்மேல் அன்றைக்கு இருந்த ஐஜிஎஸ்டி 28. ஆகச் சுமார் 11,300. அதனால் கனமான இரும்புச் சாமான் எதையும் கூரியரில் வரவழைக்காதீர்கள், கூலிக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள்.

புகை விட்ட டர்போ நாமக்கல் போனது. 1990க்கு அப்புறம் வந்த மிட்சுபிஷி டிடி04க்கு மாறலாமா என்று யோசித்தேன், ஆனால் டவுன் பைப், ஆயில் பைப், தண்ணீர் பைப் எல்லாம் கூடவே மாற வேண்டும், இன்னொரு ஒன்றரை வருடம் எனக்குத் தெம்பில்லை. லாரி ஊரில் டர்போ பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமா என்ன. அங்கேயும் வண்டி பெயரைச் சொல்லவில்லை, டி3 என்று மட்டும் சொன்னேன். "இவ்ளோ குட்டியா இருக்கே" என்று சிரித்தவர், தண்டை விரலால் ஆட்டிப் பார்த்த நொடியிலேயே புகைக்குக் காரணம் சொல்லிவிட்டார். புது பேரிங், சீல் ரிங், அத்தோடு முக்கால் வட்டமாக இருந்த த்ரஸ்ட் பேரிங்குக்குப் பதில் முழு வட்டம். பூஸ்ட் ஏற்றுவதாக இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். பேலன்ஸ் பண்ணி நாலு நாளில் கையில் கொடுத்தார். "ஆயில் போற வழியில சிலிக்கான் பேஸ்ட் தடவிடாதீங்க, பிஞ்சு போய் ஓட்டையை அடைச்சுக்கும்" என்பது அவர் கொடுத்த இலவச இணைப்பு.

ஆர்சி பற்றிக் கேட்பீர்கள். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு நினைவில் இருந்ததால் பிளாக்கை மாற்றவே இல்லை. இன்ஜின் நம்பர் அதே, சிசி அதே, எரிபொருள் அதே. எரிபொருள் என்றதும் இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1986 ரப்பர் ஓஸ் அதற்காகச் செய்ததல்ல. எல்லா ஓஸையும் வைட்டான் உள்பூச்சு உள்ளதாக மாற்றிவிட்டேன். 95 ஆக்டேன் கிடைக்காத நாளில் வண்டியை எடுப்பதில்லை.

போன ஆவணியில் திருமயம் வரை ஓட்டினேன். பூஸ்ட் 0.7 பாரில் வைத்திருக்கிறேன், அது ஏறும்போது முதுகு சீட்டில் ஒட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை, கோட்டை தெரிந்ததும் "திருப்பு" என்றார், திரும்பும் வழியில் ஸ்டியரிங்கை அவரே வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் பைப்பில் கசிவு, காகித கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யக் கீழே படுத்தபோது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை விரிசல். இப்போதைக்கு நிக்கல் ராடில் வெல்டு வைத்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

90க்குப் பிந்தைய மேனிஃபோல்டு புகையை நன்றாக வெளியே விடும், அதைத்தான் அத்தான் இப்போது தேடுகிறார், இந்த முறை முதலிலேயே அளவு, வார்ப்பில் பதிந்த எண், போட்டோ மூன்றும் அனுப்பிவிட்டேன். தை மாதக் கல்யாணத்துக்கு வருகிறார். பையில் ஆறு கிலோ எனக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியானால் மைலோ டின்னுக்கு இடம் இருக்குமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.