ஹெர்2 "2+" என்று வந்தால்: அம்மாவின் சிகிச்சை அனுபவம்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்சி அறிக்கையில் "ஹெர்2: 2+" என்று இருந்தது. செல்லை வளரச் சொல்லும் ஒரு புரதம் ஹெர்2. கட்டியில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவாக எடுத்துக்கொள்வார்கள். 2+ வந்தால், ஹெர்2 ஜீன் பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் எடுத்துத்தான் சொல்ல முடியும். முதலில் காட்டிய இடத்தில், "அதெல்லாம் வீண் செலவு, கீமோவை ஆரம்பிச்சிடலாம்" என்றார்கள். தஞ்சாவூரில் பார்த்த புற்றுநோய் மருத்துவர்தான் நிறுத்தினார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100 பேருக்கு 15 முதல் 20 பேர் ஹெர்2 பாசிட்டிவ். அவர்களுக்கென்றே மருந்து இருக்கும்போது அந்த டெஸ்ட்டை விடவே கூடாது என்றார். யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஃபிஷ்ஷுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், 'பிளாக்' என்பார்கள். சின்ன பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, உள்ளே மெல்லிய கீற்றாகச் சதை, ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடக் கூடாதே என்று டிபன் பாக்ஸில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸில் போனேன். சென்னைக்கு அனுப்பினார்கள். பாசிட்டிவ் என்று வந்தது.

டாக்டர் அம்மாவுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். ஹெர்2 ஜீன் 17-வது குரோமோசோமில் இருக்கிறது. ஒரு செல்லுக்கு இரண்டு பிரதி. கட்டியில் அது பல மடங்கு பெருகிவிட்டது. "மதகு ரெண்டு இருக்க வேண்டிய வாய்க்கால்ல இருபது மதகைத் திறந்து விட்டா என்னம்மா ஆகும்?" அம்மா சட்டென்று, "பயிரு முழுகிடும் சார்" என்றார். டிராஸ்டுசுமாப் என்கிற ஆன்டிபாடி செல்லின் மேல் இருக்கும் ஹெர்2 புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, வளரச் சொல்லும் கட்டளையை மறிக்கிறது. நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அந்தச் செல்லை அடையாளம் காட்டுகிறது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 2014-இல் பெங்களூரு பயோகான் நிறுவனம் இதன் பயோசிமிலரை, அதாவது இதைப் போலவே வேலை செய்யும் மருந்தை, கொண்டுவந்தது. எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடிந்ததே அதற்கப்புறம்தான்.

எனக்கும் இது வருமா என்று கேட்டேன். ஹெர்2 பெருகுவது கட்டிக்குள் நடப்பது, பிறவியில் வருவதில்லை. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ என்கிற ஜீன் கோளாறு வேறு என்றார்.

திருப்பூரிலிருந்து தம்பி போன் மேல் போன். ஜீன் தெரபியையும் ஆன்டிபாடியையும் சேர்த்துக் கொடுத்தால் முழுசாகக் குணமாகிவிடுமாம், அப்படித் தருகிற இடத்துக்குப் போகலாம் என்றான். டாக்டர் கோபப்படவில்லை. வீரியம் குறைத்த அடினோவைரஸ் மூலம் செல்லுக்குள் ஒரு ஜீனை அனுப்பி ஹெர்2 உற்பத்தியைக் குறைக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு அது இன்னும் அனுமதி பெற்ற சிகிச்சை இல்லை என்றார். ஜீனை மாற்றிய செல்களைக் கொண்டு செய்யும் கார்-டி சிகிச்சைக்கு 2023-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது சில ரத்தப் புற்றுநோய்களுக்குத்தான். "யாராவது தர்றோம்னா மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யற சிடிஆர்ஐ-யோட பதிவு எண்ணைக் கேளுங்க. சோதனை மருந்துக்குக் காசு கேட்டா எழுந்து வந்துடுங்க." தம்பி அதோடு அடங்கினான்.

காப்பீட்டுத் திட்டத்துக்கு விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். அலைச்சல்தான், கிடைத்துவிட்டது. அனுமதி தாமதமான ஒருமுறை மருந்தை வெளியில் வாங்கினோம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக், அதன் மேல் மடித்த துண்டு, அதற்கு மேல்தான் மருந்துக் குப்பி. ஐஸில் நேராகப் படவே கூடாது.

மூன்று வாரத்துக்கு ஒரு டிரிப் என்று ஒரு வருஷம். முடி கொட்டியது கீமோவால்தான். இந்த மருந்து தொட்டது இதயத்தை. மூன்று மாதத்துக்கொரு முறை எடுத்த எக்கோ என்கிற இதய ஸ்கேனில், 62 சதவீதம் இருந்த இதயத்தின் பம்பிங் திறன் ஒரு தடவை 48-க்கு இறங்கிவிட்டது. அம்மாவுக்கு மூச்சு வாங்கவே இல்லை; எக்கோ எடுக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. ஊசியை நிறுத்தி, மாத்திரை கொடுத்து, பம்பிங் ஏறிய பிறகுதான் தொடர்ந்தார்கள்.

இப்போது டிரிப் எல்லாம் முடிந்துவிட்டது. வருஷா வருஷம் மேமோகிராம் உண்டு. சம்பா அறுப்பு முடிந்து தை கடைசியில் போகலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.